அம்பாசடர் பவர் ஸ்டீயரிங் பிராக்கெட்: நாலாவது முறை உடைந்தபோது

கொல்லிமலையிலிருந்து பாதி தூரம் இறங்கியிருப்போம். ஒரு கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தபோது பானட்டுக்குள் 'டங்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. பின் சீட்டிலிருந்து அம்மா கேட்டார்கள்: "என்னப்பா, உடைஞ்சு போச்சா?"

"ஆமாம்மா."

"போன தடவை உடைஞ்சதேவா?"

அதேதான். ஸ்டீயரிங்கை இலகுவாக்க ஆயிலை அழுத்தித் தள்ளும் பவர் ஸ்டீயரிங் பம்பைத் தாங்கும் பிராக்கெட். 2017இல் ஒரு முறை, 2020இல் ஒரு முறை, 2022இல் ஒரு முறை. இது 2023 ஆடி மாதம், நாலாவது முறை. அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம்.

இந்த மாதிரி நேரத்தில் நிறையப் பேர் பயப்படுவது ஸ்டீயரிங் மொத்தமாகக் கைவிட்டுவிடும் என்று. அப்படி ஆகாது. பம்ப் செத்தாலும் ஸ்டீயரிங் கம்பி, அதன் நுனியில் இருக்கும் பல்சக்கரமான பினியன், அது நகர்த்தும் பல் தண்டான ரேக், சக்கரம் எல்லாம் இரும்போடு இரும்பாகத்தான் இணைந்திருக்கும். திருப்பினால் திரும்பும். ஆனால் சாதா ஸ்டீயரிங்கைவிடக் கனமாக இருக்கும், ஏனென்றால் ரேக்குக்குள் நிற்கும் ஆயிலையும் நம் கைதான் தள்ள வேண்டும். வண்டியை ஓரம்கட்டிப் பார்த்தால் பம்ப் இரண்டு ஹோஸ்களில் தொங்கிக்கொண்டிருந்தது. பம்பை ஓட்டும் பெல்ட் பிய்ந்து ரேடியேட்டர் பக்கம் கிடந்தது. நல்ல வேளையாக ஹோஸ் கிழியவில்லை. கிழிந்து, ஆயில் சூடான சைலன்சர் மேல் விழுந்திருந்தால் கதையே வேறு. டிக்கியில் கிடந்த கட்டுக்கம்பியால் பம்பை முன்சட்டத்தோடு இழுத்துக் கட்டிவிட்டு, முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாக மலையடிவாரத்துக் காரவல்லி வரை இறங்கினேன். கீழே வந்தபோது இரண்டு தோளும் என்னுடையதாக இல்லை.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1997 மாடல் அம்பாசடர், இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் என்ஜின். அப்பா வாங்கியது. அம்பாசடருக்கு ஆரம்பத்திலிருந்தே ரேக் அண்டு பினியன் ஸ்டீயரிங்தான், ஆனால் என் வண்டியில் பவர் கிடையாது. அப்பாவுக்குத் தோள் வலி வந்தபிறகு, 2014இல், வெளியூர்ப் பட்டறை ஒன்றில் பவர் ஸ்டீயரிங் போட்டுக் கொடுத்தார்கள். ரேக் ஒரு வேனுடையது, பம்ப் இன்னொரு வண்டியுடையது, என்ஜினோடு சுற்றும் கிராங்க் புல்லிக்கு முன்னால் கூடுதலாக ஒரு புல்லி லேத்தில் கடைந்து மாட்டியது. பம்பைத் தாங்க 6 மில்லி தகட்டில் எல் வடிவத்தில் ஒரு பிராக்கெட். மூன்று போல்ட் என்ஜின் பிளாக்கில், இரண்டு போல்ட் பம்பில். ஓட்டுவதற்குச் சுகமாகத்தான் இருந்தது. முழுசாக ஒடித்தால் மட்டும் பெல்ட் 'கீச்' என்று கத்தும். அந்தக் கீச்சுச் சத்தத்தை நான் ஒன்பது வருடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். அதற்கும் பிராக்கெட் உடைவதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

2017இல் கீழ் போல்ட் முறிந்தது. புது போல்ட் போட்டோம். 2020இல் தகடு வெல்டிங்கை ஒட்டி விரிந்தது. அதே இடத்தில் மறுபடி வெல்டிங் வைத்து, மேலே இன்னொரு 6 மில்லி தகட்டை ஒட்டி 'ஸ்ட்ராங்' பண்ணினோம். 2022இல் ஒட்டிய தகட்டுக்குப் பக்கத்திலேயே விரிசல். மறுபடி வெல்டிங். இந்த முறை கீழ் போல்ட்டும் முறிந்து, தகடும் கிழிந்திருந்தது. ஒவ்வொரு முறையும் செலவு முந்நூறு, நானூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதனால்தான் இத்தனை வருடம் உட்கார்ந்து யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஐயாயிரம் ரூபாய் கேட்டிருந்தால் இரண்டாவது முறையே யோசித்திருப்பேன்.

இந்த முறை பட்டறைக்கு விடாமல் வீட்டு வாசலிலேயே வேப்ப மரத்தடியில் நிறுத்திப் பிரித்தேன். தெருவில் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற வேலை என்னுடையது.

முதலில் உடைந்த முகங்களைப் பார்த்தேன். முறிந்த போல்ட்டின் முகத்தை மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் பிடித்தால், பாதிக்கு மேல் மங்கலாக, சிப்பி ஓட்டில் இருப்பதுபோல வரிவரியாகக் கோடுகள். மீதி ஓரத்தில் சொரசொரப்பாக, பளிச்சென்று. அந்தப் பளிச்சென்ற பகுதி மட்டும்தான் அன்றைக்கு மலையில் முறிந்தது. வரிவரியாக இருந்தது பல மாதங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்துகொண்டே வந்த பகுதி. ஒரே அடியில் முறிந்த இரும்பு இப்படி இருக்காது. தகட்டின் கிழிசலிலும் அதே கதைதான்: உள்ளே துருப்பிடித்துக் கறுத்த பழைய விரிசல், ஓரத்தில் மட்டும் புது இரும்பின் நிறம். வரிகள் எல்லாம் கீழ் போல்ட் ஓட்டைக்கு மேலே இருந்த வெல்டிங் ஓரத்திலிருந்துதான் கிளம்பியிருந்தன. 2020இல் விரிந்ததும் இதே ஓரம்தான்.

இது தளர்ந்தோ மோதியோ உடைந்ததில்லை, திரும்பத் திரும்ப அதிர்ந்து சலித்து உடைந்தது என்று தெரிந்துவிட்டது. ஆனால் எதனால் சலித்தது?

பிளாக்கில் பிராக்கெட் உட்காரும் மூன்று திட்டுகளையும் வயர் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். ஒன்பது வருட ஆயில் அழுக்கும், பட்டறையில் அடித்த கறுப்பு பெயின்ட்டும் உரிந்து வந்தன. பழைய பிராக்கெட்டின் பாதியை எடுத்து, மேல் இரண்டு போல்ட்டையும் விரலால் மட்டும் முடுக்கி உட்கார வைத்துப் பார்த்தேன். மேலே ஒட்டி உட்கார்ந்தது. கீழே வெளிச்சம் தெரிந்தது. ஸ்பார்க் பிளக் இடைவெளி பார்க்கிற ஃபீலர் கேஜை எடுத்து நுழைத்தேன். 0.5 போனது. 0.8 போனது. 0.8ஐயும் 0.4ஐயும் சேர்த்துப் பிடித்து நுழைத்தேன். கொஞ்சம் உரசிக்கொண்டு அதுவும் போனது. 1.2 மில்லி இடைவெளி.

கொஞ்ச நேரம் அந்தக் கேஜை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழ்த் திட்டு மேல் திட்டுகளைவிட ஒரு மில்லிக்கு மேல் உள்ளே இருக்கிறது. வார்ப்பில் வந்த அமைப்பு. என்ஜினில் தப்பில்லை, அங்கே வேறு ஏதாவது மாட்டுவதற்காக விட்டிருப்பார்கள். அந்த இடத்தில் 1.2 மில்லிக்கு ஒரு வளையம் வைத்திருக்க வேண்டும். வைக்காமல் நேரே போல்ட்டை முடுக்கியிருக்கிறார்கள். போல்ட் முடுக்க முடுக்கத் தகடு வளைந்து போய்த் திட்டில் ஒட்டியிருக்கிறது. அதாவது வண்டி ஸ்டார்ட் ஆவதற்கு முன்பே, பெல்ட் மாட்டுவதற்கு முன்பே, அந்தத் தகடு இழுத்துக் கட்டிய வில் மாதிரி நின்றிருக்கிறது. அதன்மேல் என்ஜின் அதிர்வு. நாலு சிலிண்டர் என்ஜினில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு வெடிப்பு. ஐடிலில் 800 ஆர்பிஎம் என்றால் வினாடிக்கு 26 அதிர்வுக்கு மேல். சிக்னலில் சும்மா நிற்கும்போதும் அது வேலை செய்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

இன்னொன்று புரிந்தபோதுதான் எரிச்சல் வந்தது. 2020இல் தகட்டின் தடிமனை இரண்டு மடங்காக்கினோம் அல்லவா? தடிமன் இரண்டு மடங்கானால், அதே அளவு வளைக்க எட்டு மடங்கு விசை வேண்டும். இடைவெளி அப்படியே இருக்க, அந்த எட்டு மடங்கு விசையையும் இழுத்துப் பிடித்தது அந்த ஒற்றைக் கீழ் போல்ட். அதோடு நிற்கவில்லை. தகடு 12 மில்லி ஆனபிறகும் போட்டது அதே 25 மில்லி நீள போல்ட். ஒரு பிளெயின் வாஷர், ஒரு ஸ்பிரிங் வாஷர், சேர்த்து 4 மில்லி. மீதி 9 மில்லிதான் பிளாக்குக்குள் மரையில் பிடித்திருக்கிறது. வார்ப்பிரும்பில் 10 மில்லி போல்ட்டுக்குக் குறைந்தது 13, முடிந்தால் 15 மில்லியாவது மரை பிடிக்க வேண்டும். பலப்படுத்துகிறோம் என்று நாங்கள் செய்த வேலை போல்ட்டின் பிடியைத் தின்றுவிட்டது.

மெக்கானிக் அண்ணனிடம் ஃபீலர் கேஜை நுழைத்துக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "அட! நாமதான் தம்பி இத முறுக்கி முறுக்கி ஒடைச்சிருக்கறோம்" என்றார். 2020 வெல்டிங் அவர் முன்னிலையில் வைத்ததுதான். அதற்கப்புறம் அவரும் இதைச் சொந்த விஷயமாக எடுத்துக்கொண்டார்.

பெல்ட் விஷயத்தைக் கண்டுபிடித்தது அவர்தான். கிராங்கில் மாட்டியிருந்த கூடுதல் புல்லியை விரலால் தடவிவிட்டு, "இத பாருங்க, அடி பளபளன்னு இருக்குது" என்றார். வி பெல்ட் எப்போதும் இரண்டு பக்கச் சுவரில்தான் பிடிக்க வேண்டும். ஆப்பு மாதிரி உள்ளே இறங்கிப் பக்கவாட்டில் கவ்வுவதுதான் அதன் பலமே. அடியைத் தொடவே கூடாது. இந்தப் புல்லியில் பெல்ட் உட்காரும் பள்ளமான காடியின் அடிப்பகுதி கண்ணாடி மாதிரி மின்னியது, பக்கச் சுவர்களில் லேத் உளியின் கோடுகள்கூட அழியாமல் இருந்தன. அளந்து பார்த்தால் காடியின் ஆழம் 9 மில்லிதான். எங்கள் பெல்ட்டின் அளவான ஏ செக்‌ஷனுக்கு 12 மில்லியாவது வேண்டும். பக்கச் சுவர்களுக்கு இடையிலான கோணமும் கண்ணுக்கே அகலமாகத் தெரிந்தது. இந்த அளவுப் புல்லிக்கு 38 டிகிரி இருக்க வேண்டும்.

அப்போதுதான் கீச்சுச் சத்தத்தின் வேர் பிடிபட்டது. பெல்ட் அடியில் உட்கார்ந்து வழுக்கியிருக்கிறது. முழுசாக ஒடிக்கும்போதுதான் பம்பில் அழுத்தம் உச்சத்துக்குப் போகும், 70, 80 பார் வரை. அந்த நேரத்தில் வழுக்கல் கத்தலாகும். கத்துகிறதே என்று ஒவ்வொரு சர்வீசிலும் பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுவார்கள். நானே கட்டியிருக்கிறேன், கடப்பாரை நுனியைக் கொடுத்து நெம்பி. கட்டைவிரலால் அழுத்தினால் 10 மில்லி உள்ளே போக வேண்டிய பெல்ட் வீணைத் தந்தி மாதிரி நின்றது. அந்த இழுவை முழுக்கப் பிராக்கெட்டின் தலையில். பம்பை ஓட்டுவதற்கு மட்டும் எவ்வளவு இழுவை வேண்டும் என்று தோராயமாகக் கணக்குப் போட்டேன். உச்ச அழுத்தத்தில்கூடப் பெல்ட்டின் இரண்டு பக்கத்துக்கும் இடையிலான வித்தியாசம் 20 கிலோவைத் தாண்டாது. நாங்கள் கடப்பாரையில் கட்டியது அதைப்போலப் பல மடங்கு இருக்கும். கொல்லிமலையில் எழுபது வளைவு. ஏறும்போது எழுபது முறை, இறங்கும்போது எழுபது முறை முழு ஒடிப்பு. உடைவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

மூன்றாவதாகப் புல்லிகளின் நேர்க்கோடு. சன்னல் செய்தபோது மிஞ்சிய அலுமினியச் சட்டம் ஒன்று வீட்டில் இருந்தது, அதைக் கிராங்க் புல்லியின் முகத்தில் ஒட்டிப் பிடித்தேன். பழைய பிராக்கெட்டைக் கையால் சேர்த்துப் பிடித்துப் பார்த்ததில் பம்பின் புல்லி 5 மில்லி பின்னால் நின்றது. வி பெல்ட்டில் ஒரு அடி தூரத்துக்கு இரண்டரை மில்லி வரை விலகல் இருக்கலாம். எங்கள் இரண்டு புல்லிக்கும் இடையே ஒரு அடி தூரம்கூட இல்லை.

சரி, இனி வேலை.

முதல் தலைவலி முறிந்த போல்ட். பிளாக்குக்குள் மேற்பரப்போடு சமமாக முறிந்து நின்றது. டிரில் போட்டு எடுக்கலாம் என்று ஆரம்பித்தேன், பிட் ஓரமாக வழுக்கிப் போகப் பார்த்தது. கொஞ்சம் விலகினாலும் மரை போய்விடும் என்று நிறுத்திவிட்டேன். நாமக்கல்லில் இருப்பதன் நன்மை, லாரி பாடி கட்டும் ஊர், கை தேர்ந்த வெல்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் வீட்டுக்கே வந்தார். பேட்டரி வயரையும் ஆல்டர்னேட்டர் வயரையும் கழற்றச் சொன்னார். முறிந்த போல்ட்டின் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டைக்குள் ராடை விட்டு இரண்டே வினாடி ஒட்டினார். எர்த் கிளிப்பைப் பிளாக்கிலேயே போட்டிருந்தார். சிவந்த நட்டு ஆறும் வரை ஒரு பீடி பிடித்தார். அப்புறம் ஸ்பானரைப் போட்டு முன்னும் பின்னுமாக ஆட்டினார். 'நறுக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், நெய் தடவின மாதிரி சுற்றி வெளியே வந்துவிட்டது. சூட்டில் போல்ட் விரிந்து, ஆறும்போது சுருங்கி, துருவின் பிடி விட்டுவிடுகிறது. வார்ப்பிரும்பில் ராடு ஒட்டாமல், போல்ட்டில் மட்டும் ஒட்டுகிற மாதிரி பிடிக்கிற கை வேண்டும், அதுதான் வித்தை. டேப் போட்டு மரையைச் சுத்தம் பண்ணினேன்.

பிராக்கெட்டுக்கு அச்சு எடுக்கக் கல்யாணப் பத்திரிகை அட்டை. தடிப்பான அட்டையாகப் பார்த்து இரண்டு எடுத்தேன். பிளாக்கின் திட்டுகள்மேல் அட்டையை வைத்து, கிரீஸ் பட்ட விரலால் மேலே தேய்த்தால் ஓட்டைகளின் விளிம்பு அச்சாக விழும். ஸ்கேல் வைத்து அளப்பதைவிட இது நம்பகமானது. அதை அப்படியே தகட்டில் ஒட்டிப் பஞ்ச் குத்தினால் வேலை முடிந்தது.

லேத்துக்காரரிடம் வரைபடத்தோடு போனேன். வயது அறுபதுக்குப் பக்கம், லாரிக்கு வேலை செய்தே பழகியவர். என் படத்தைப் பார்த்துவிட்டு முதலில் சிரித்தார். ஏனென்றால் நான் திட்டு முகத்தை முதலில் சீவிவிட்டு, அப்புறம் வெல்டிங் என்று வரிசை எழுதியிருந்தேன்.

"வெல்டிங் வெச்சா இரும்பு இழுக்கும் தம்பி. மொதல்ல எல்லாத்தையும் ஒட்டோணும், ஆறவிடோணும், அப்புறந்தான் மில்லிங்ல போட்டுச் சீவோணும். இல்லீன்னா நீங்க சொல்ற அந்த ஒண்ணே கால் மில்லி மறுபடி வேற பக்கம் வந்து நிக்கும்."

அதன்படியே செய்தோம். அடித்தகடு 12 மில்லி, பம்பைப் பிடிக்கும் தகடு 10 மில்லி, இரண்டுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் முக்கோண முட்டு. முட்டின் நுனியை வெல்டிங்கோடு சட்டென்று நிறுத்தாமல் சரித்து விட்டு, கிரைண்டரில் வழவழப்பாக்கினோம். பழைய பிராக்கெட்டில் விரிசல் கிளம்பியது அப்படிச் சட்டென்று முடிந்த ஓரத்தில்தான். கீழ்த் திட்டுக்கு வளையம் வைப்பதற்குப் பதிலாக, அந்த இடத்தில் மட்டும் தகட்டை 1.2 மில்லி உயரமாக விட்டு மற்ற இரண்டு இடத்தையும் சீவினார். மூன்று திட்டிலும் ஒரே சமயத்தில் உட்காரும்.

முதல் பிராக்கெட்டைக் கொண்டுவந்து மாட்டினால், பிரஷர் ஹோஸைப் பம்பில் இணைக்கும் யூனியன் போல்ட் முட்டில் இடித்தது. அட்டையில் ஹோஸை நான் வரையவே இல்லை. அடுத்த ஞாயிறு அந்த முட்டை அறுத்து, பிறை மாதிரி குடைந்து, மறுபடி ஒட்டி, மறுபடி மில்லிங். லேத்துக்காரர் அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. "படத்துல பைப்ப போட்டுக் கொண்டாங்கன்னு நாந்தான சொல்லியிருக்கோணும்" என்றார். சொல்லவில்லை என்பது உண்மைதான், ஆனால் வரைந்தது நான்.

பழைய அமைப்பில் பம்ப் முன்பக்கம் மட்டும் பிடிக்கப்பட்டு, பின்பக்கம் அந்தரத்தில் நின்றது. நீட்டிய கையில் வாளியைத் தூக்கிப் பிடிப்பது போல. பம்பின் முதுகில் மரை போட்ட ஒரு ஓட்டை சும்மா இருந்தது, பிளாக்கிலும் பின்னால் ஒன்று சும்மா இருந்தது. இரண்டையும் 25க்கு 6 பட்டையால் இணைத்தோம். இதை மாட்டும்போது மறுபடி பழைய தப்பைச் செய்யப் பார்த்தேன். பட்டை ஓட்டைக்குக் கொஞ்சம் எட்டவில்லை, ஸ்பானரைப் போட்டு முடுக்கினால் ஒட்டிக்கொள்ளும் என்று கை போய்விட்டது. மெக்கானிக் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, ஃபீலர் கேஜை எடுத்து என் முன்னால் வைத்தார். 0.9 மில்லி. அந்தக் கனத்துக்கு, இடைவெளி நிரப்பும் மெல்லிய ஷிம் தகட்டில் வளையம் வெட்டி வைத்தபிறகு போல்ட் விரலாலேயே கடைசி வரை போனது.

புல்லியில் காடியை ஆழப்படுத்தி 38 டிகிரிக்குக் கடைந்து வாங்கினோம், உள்ளே போதுமான இரும்பு இருந்தது. பம்பின் சொந்தப் புல்லியில் குறை இல்லை. நேர்க்கோட்டுக்குப் பம்ப் தகட்டையே 5 மில்லி முன்னால் தள்ளி வைத்துவிட்டதால் தனியாக வாஷர் அடுக்க வேண்டியிருக்கவில்லை. பெல்ட்டை இழுக்க நெம்புகோல் வேண்டாம் என்று, பம்ப் நகர்வதற்காக விட்ட நீள்துளைக்குப் பக்கத்தில் ஒரு தள்ளு போல்ட் வைத்தோம். அதைச் சுற்றினால் பம்ப் மெதுவாக நகரும். இனிமேல் யாரும் கடப்பாரையைத் தேட வேண்டாம், நான் உட்பட.

போல்ட்டுகள் 8.8 கிரேடு, புது நீளம் 35 மில்லி. ஸ்பிரிங் வாஷரை விட்டுவிட்டேன். கெட்டியான பிளெயின் வாஷர், மரை கழலாமல் பிடிக்கும் பசையான லாக்டைட் இரண்டு சொட்டு, டார்க் ரெஞ்சில் 45 நியூட்டன் மீட்டர். உட்காரும் முகங்களில் பெயின்ட் கிடையாது. பெயின்ட் நாளடைவில் அழுங்கிப் போகும், அது அழுங்கிய அளவுக்குப் போல்ட்டின் இழுவை போய்விடும். மற்ற இடங்களுக்கு மட்டும் ரெட் ஆக்சைடு அடித்தேன். கடைசியாக ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் தகடு வரை மகளின் நெயில் பாலிஷால் ஒரு கோடு. போல்ட் அசைந்தால் கோடு உடைந்து காட்டும். பிங்க் நிறம்தான் கிடைத்தது.

ஆயில் நிரப்பியது வழக்கமான வேலை: முன் சக்கரங்களைத் தூக்கி வைத்து, என்ஜினை ஓட்டாமல் ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் இருபது முறை திருப்பி, டப்பாவில் குறையக் குறைய ஏடிஎஃப் எனும் ஆயிலை ஊற்றி, நுரை நின்றபிறகுதான் ஸ்டார்ட். ஓட்டிப் பார்த்தபோது 1,500 ஆர்பிஎம்மில் ஒரு ரீங்காரம் கேட்டு நெஞ்சு திக்கென்றது. ரிட்டர்ன் ஹோஸ் சட்டத்தில் உரசிக்கொண்டிருந்தது. ஒரு கிளிப்போடு முடிந்தது.

மொத்தம் மூன்று ஞாயிறு. தகடு, லேத், மில்லிங், வெல்டிங், போல்ட், பெல்ட், ஆயில் எல்லாம் சேர்த்து 4,650 ரூபாய். முழுசாக ஒடித்தால் சத்தம் இல்லை. ஒன்பது வருடம் கேட்டுப் பழகிய காதுக்கு முதல் வாரம் ஏதோ வேலை செய்யாத மாதிரியே இருந்தது.

500 கிலோமீட்டரில் ஒரு முறை டார்க் ரெஞ்ச் போட்டுப் பார்த்தேன், எதுவும் நகரவில்லை. பெல்ட் மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தது. புது பெல்ட் முதலில் அப்படித்தான் இறங்கி உட்காரும்.

போன ஆடியில் மறுபடி அம்மாவோடு கொல்லிமலை. எழுபது வளைவும் ஏறி, மலைமேல் இருக்கும் செம்மேட்டில் டீக்கடை எதிரே நிறுத்திப் பானட்டைத் திறந்தேன். அம்மா டீ கிளாஸோடு வந்து எட்டிப் பார்த்து, "இதென்னடா, வண்டிக்கு நகப்பூச்சு" என்றார்கள். பிளாக்கில் இருந்த மூன்று கோடும் முழுசாக இருந்தன. பின்பட்டையின் இரண்டும் அப்படியே. நீள்துளையில் இருக்கும் போல்ட்டில் மட்டும் கோடு மயிரிழை அளவு விலகியிருந்தது. அதைத் தளர்த்தாமல் அப்படியே இறங்கி, வீட்டில் கழற்றிப் பார்த்தேன். அந்த ஒரு இடத்தில் மட்டும் கைக்குக் கிடைத்த மெல்லிய வாஷரைப் போட்டிருந்தேன் போலிருக்கிறது, நீள்துளைக்குள் கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது. 4 மில்லி கனத்தில் அகலமான வாஷர் ஒன்று லேத்துக்காரரிடம் சொல்லிக் கடைந்து வாங்கிப் போட்டிருக்கிறேன். இந்த முறை சிவப்பு நெயில் பாலிஷ்.